தாத்தா வாட்ச்சைத் தண்ணிகிட்டேர்ந்து எவ்வளவு காப்பாத்தலாம்?

உங்க வீட்டு பீரோவைத் திறந்து உள் லாக்கர்ல துழாவிப் பாருங்க. பழைய பாஸ்புக், பட்டு நூல் சுத்தின தாலிப்பை, இதுக்கெல்லாம் நடுவுல ஒரு எச்எம்டி வாட்ச் கிடைக்க நல்ல வாய்ப்பு இருக்கு. தாத்தா முதல் சம்பளத்துல வாங்கினதா இருக்கும், இல்லன்னா அப்பாவுக்குக் கல்யாணத்துல போட்டதா இருக்கும். சாவி கொடுத்தா இன்னமும் ஓடும். ஆனா யாரும் கட்ட மாட்டாங்க. ஏன்னு கேட்டா வீட்டுல ஒரே பதில்தான்: "தண்ணி பட்டா போயிடும்டா, அப்படியே வை."

அந்த பயம் பொய்யில்ல. ஆனா பீரோவுக்குள்ள வெச்சுப் பூட்டுறதும் தீர்வு இல்ல. வியர்வை, கை கழுவுறது, வண்டியில போகும்போது பிடிக்கிற மழை, இந்த மூணையும் தாங்குற அளவுக்கு ஒரு பழைய வாட்ச்சை மாத்த முடியும். அதைக் கட்டிக்கிட்டு நீச்சல் குளத்துல இறங்குற அளவுக்கு மாத்த முடியுமான்னா, நேர்மையான பதில் 'முடியாது'. ரெண்டுக்கும் நடுவுல என்னென்ன நடக்குதுங்கிறதைத்தான் பார்க்கப் போறோம். முதல் வருஷம் படிச்ச தெர்மோ இங்க உதவும், பயப்படாதீங்க.

முதல்ல வாட்ச்சைப் பத்தி கொஞ்சம். எச்எம்டி மத்திய அரசு நிறுவனம். ஜப்பானோட சிட்டிசன் கம்பெனி கூட்டுல 1961-ல பெங்களூருல வாட்ச் செய்ய ஆரம்பிச்சாங்க. ஜனதா, பைலட், கோஹினூர்னு பேர் வெச்ச மாடல்கள் நாடு முழுக்கப் போச்சு. 2016-ல வாட்ச் பிரிவை மூடுற முடிவு வந்துச்சு. நம்ம கைக்கு வர்ற ஜனதா மாதிரி வாட்ச்கள் சாவி கொடுக்கிற வகை, பேட்டரி கிடையாது. மேல இருக்கிற கண்ணாடி உண்மையில கண்ணாடியே இல்ல, அக்ரிலிக். ஆபீஸ் போற ஆள், வாத்தியார், ரயில்வே ஊழியர் கட்டுறதுக்காக செஞ்ச பொருள் அது. குளிக்கும்போது கழட்டி ஆணியில மாட்டிடுவாங்கன்னு நம்பி செஞ்சது.

வாட்ச்சுக்குள்ள தண்ணி போக மூணு வழி இருக்கு. கண்ணாடியோட விளிம்பு, பின்மூடியோட விளிம்பு, அப்புறம் சாவி கொடுக்கிற கிரவுன். ரிப்பேர் கடையில வயசான ஒரு அண்ணன்கிட்ட கேட்டா, பத்துக்கு எட்டு வாட்ச் கிரவுன் வழியாத்தான் கெட்டுப் போகுதுன்னு சொல்வார். எட்டா ஏழான்னு சண்டை போட வேணாம், அவர் சொல்ற திசை சரி. கிரவுன்ல இருந்து உள்ள போற மெல்லிய தண்டுக்கு ஸ்டெம்னு பேர். அது இரும்பு. பழைய வாட்ச்சைத் திறந்தா முதல்ல துரு பிடிச்சிருக்கிறது பெரும்பாலும் அந்த ஸ்டெம்தான்.

மீட்டர் கணக்கு யாரை ஏமாத்துது

புது வாட்ச் பின்னாடி '30 மீட்டர்'னு போட்டிருக்கும். அது ஆழம் இல்ல, அழுத்தம். பத்து மீட்டர் தண்ணிக்கு ஏறத்தாழ ஒரு பார்னு வெச்சா, அந்த வாட்ச் மாதிரியை 3 பார் அழுத்தத்துல சோதிச்சிருக்காங்கன்னு அர்த்தம். இதுக்கு ஐஎஸ்ஓ 22810னு ஒரு தரநிலை இருக்கு, 2010-ல வந்தது.

"அப்புறம் ஏன் 30 மீட்டர் வாட்ச்சோட நீந்தக் கூடாதுன்னு சொல்றாங்க?"ன்னு கேட்டா, பலரும் சொல்ற பதில் இது: கையை வீசும்போது அழுத்தம் பல மடங்கு ஏறிடும். கணக்குப் போட்டுப் பாருங்க. அரை ரோ வி ஸ்கொயர். கை நொடிக்கு 3 மீட்டர் வேகத்துல போகுதுன்னு வெச்சா 4500 பாஸ்கல் வரும். அதாவது அரை மீட்டர் ஆழம் கூட இல்ல. கை வீசுறது வில்லன் இல்லைங்க. உண்மையான காரணம் வயசு. அந்த 30 மீட்டர் வாட்ச் புதுசா இருந்தப்போ, ரப்பர் இளசா இருந்தப்போ சொன்ன எண். ரப்பர் வாஷர் வருஷக்கணக்கா ஒரே இடத்துல நசுங்கி இருந்தா, அழுத்தத்தை எடுத்தாலும் பழைய வடிவத்துக்குத் திரும்பாது. மெட்டீரியல்ஸ் வகுப்புல 'கம்ப்ரெஷன் செட்'னு படிச்சது இதைத்தான்.

நம்ம தாத்தா வாட்ச்சுக்கு 3 பார் பிரச்சினையே இல்ல. அதோட எதிரி அதைவிட ரொம்பச் சின்னது.

வாட்ச் மூச்சு விடும்

வெயில்ல வண்டி ஓட்டிக்கிட்டு காலேஜ் வர்றீங்க. மணிக்கட்டுச் சூடும் சேர்ந்து வாட்ச்சுக்குள்ள இருக்கிற காத்து 36 டிகிரியில இருக்கு. நேரா ஏசி லேபுக்குள்ள போறீங்க, 22 டிகிரி. கெல்வின்ல 309 டு 295. வாட்ச் அப்படியே மூடியிருந்தா உள்ள அழுத்தம் நாலரை சதவீதம் குறையும். 0.046 பார். தண்ணி உயரத்துல சொன்னா கிட்டத்தட்ட 47 சென்டிமீட்டர், ஒரு பக்கெட் ஆழத்தை விட அதிகம்.

இப்போ கிரவுனைச் சுத்தி வியர்வை ஒரு படலமா நிக்குது. உள்ள உறிஞ்சுற அழுத்தம். அந்த உப்புத் தண்ணி ஸ்டெம் வழியா உள்ள போகும். நீங்க ஒரு சொட்டுத் தண்ணியிலயும் கையை விடல, ஆனா வாட்ச் ஒரு பக்கெட்டுக்குள்ள முங்கினதுக்குச் சமம். தினமும் காலையில ஒரு தடவை, மதியம் ஒரு தடவை. "நான் தண்ணியே படாமத்தான் வெச்சிருந்தேன், எப்படி துரு வந்துச்சு"ன்னு கேக்குறவங்களுக்கு பதில் இதுதான்.

ஆக, நம்ம வேலைக்கான இலக்கு தெளிவாயிடுச்சு. ஒரு மீட்டர் தண்ணிக்குச் சமமான அழுத்தத்தைத் தாங்கினாப் போதும். அது எட்டக்கூடிய இலக்கு.

பின்மூடியும் கண்ணாடியும்

பின்மூடி ரெண்டு வகை. விளிம்புல சின்ன நாக்கு மாதிரி ஒரு பள்ளம் இருந்தா அது அழுத்தி மூடுற வகை. சுத்தி ஆறு வெட்டு இருந்தா திருகுற வகை. திருகுற வகை உங்களுக்குக் கிடைச்சிருந்தா அதிர்ஷ்டம். பழைய வாஷரை எடுத்துட்டு, பள்ளத்தோட விட்டத்தையும் ஆழத்தையும் வெர்னியர்ல அளந்து, நைட்ரைல் ஓ-ரிங் வாங்கிப் போடுங்க. ஓ-ரிங் தன் தடிமன்ல 15 முதல் 30 சதவீதம் வரைக்கும் நசுங்கணும். 0.7 மில்லிமீட்டர் ரிங்னா, மூடி இறுகின பிறகு அதுக்கு அரை மில்லிமீட்டரைத் தாண்டி கொஞ்சம் இடம் இருக்கணும். குறைவா நசுங்கினா கசியும். அதிகமா நசுங்கினா மூடி சரியா உட்காராது, ரப்பரும் சீக்கிரம் சாகும்.

அழுத்தி மூடுற வகையிலயும் வாஷர் போடலாம். ஆனா பல பழைய மூடிகள்ல அதுக்கான பள்ளமே இருக்காது, உலோகமும் உலோகமும் உரசி நிக்கும். அங்க தட்டையான மெல்லிய வாஷர் ஒண்ணு வெச்சு, மூடி 'டக்'னு முழுசா உட்காருதான்னு பாருங்க. உட்காரலைன்னா அதைவிட மெல்லிசு தேடுங்க. கட்டை விரல்ல பலங்கொண்ட மட்டும் அழுத்தாதீங்க. அதுக்குன்னு பிரஸ் இருக்கு. வாட்ச்சைக் கவுத்து வெக்கும்போது அடியில இருக்கிற வளையம் கேஸோட விளிம்பைத் தாங்கணும், அக்ரிலிக்கைத் தாங்கக் கூடாது. இல்லன்னா மூடி மூடும், கண்ணாடி விரியும்.

வாஷர் உட்கார்ற இடத்தைத் தவறாம லென்ஸ்ல பாருங்க. பித்தளையில குரோம் பூசின கேஸ்னா, வியர்வை பட்ட இடத்துல பூச்சு உரிஞ்சு குழி குழியா இருக்கும். குழிக்குள்ள ரப்பர் முழுசா இறங்காது, அந்த வழியா தண்ணி போகும். தட்டையான கண்ணாடிப் பலகை மேல 1000 நம்பர் உப்புத்தாளை ஒட்டி, கேஸைச் சீரா எட்டு வடிவத்துல தேய்ச்சா ஆழமில்லாத குழி போயிடும். ஆழமான குழின்னா கேஸையே மாத்தினாத்தான் உண்டு. மூவ்மென்ட்டை, அதாவது கடைக்காரர் 'மிஷின்'னு சொல்றதை, வெளிய எடுத்த பிறகுதான் இந்த வேலையெல்லாம்.

கண்ணாடி சுலபம். மஞ்சளான அக்ரிலிக்கைப் பாலிஷ் போட்டுக் காப்பாத்தணும்னு ஆசைப்படாதீங்க. விளிம்புல கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கும். புதுசு போடுங்க. கேஸ் இடம் கொடுத்தா, உள் விளிம்புல உலோக வளையம் வெச்ச அக்ரிலிக் கேளுங்க. அந்த வளையம் அக்ரிலிக்கை உள்ளேருந்து வெளிப்பக்கமா கேஸ் மேல தள்ளிக்கிட்டே இருக்கும். பசை இல்லாமலேயே நல்லா அடைக்கும். பசை போட்டே ஆகணும்னா வாட்ச் கண்ணாடிக்குன்னே விக்கிற பசை போடுங்க. சூப்பர் க்ளூ மட்டும் வேணாம். அது காயும்போது வர்ற ஆவி டயல்லயும் கண்ணாடியிலயும் வெள்ளைப் புகை மாதிரி படியும். டயல்ல படிஞ்சா அதைத் துடைக்கப் போய் எழுத்தையும் சேர்த்துத் துடைச்சிடுவீங்க.

கிரவுன்தான் உண்மையான சண்டை

பழைய கிரவுனைக் கழட்டிக் கவுத்துப் பாருங்க. உள்ள வெறும் குழிதான் இருந்தா அது தூசியைத் தடுக்கிற கிரவுன், தண்ணியைத் தடுக்காது. தண்ணி தடுக்கிற கிரவுனுக்குள்ள ஒரு குட்டி ரப்பர் வளையம் இருக்கும். அது கேஸ்ல இருந்து வெளிய நீட்டிக்கிட்டிருக்கிற ஒரு சின்னக் குழாய் மேல இறுக்கமா உட்காரும். ரப்பர் குழாயைப் பிடிக்குது, ஸ்டெம் உள்ள சுதந்திரமா சுத்துது. இவ்வளவுதான் ஏற்பாடு.

இப்போ உங்க கேஸைப் பாருங்க. ஸ்டெம் போற இடத்துல குழாய் நீட்டிக்கிட்டிருந்தா பாதி வேலை முடிஞ்சது. குழாயோட வெளி விட்டத்தை அளந்து, அதுக்குப் பொருந்துற கிரவுன் வாங்கி மாட்டினாப் போதும். ஸ்டெம்மோட மரை ஒத்துப்போகுதான்னு கடையிலேயே சுத்திப் பார்த்துடுங்க. மரை வேற வேற அளவுல வரும்.

குழாய் இல்ல, வெறும் ஓட்டைதான் இருக்குன்னா ஒரு முடிவு எடுக்கணும். ஓட்டையை ரீம் பண்ணிப் பெருசாக்கி, குழாயை இறுக்கிப் போட்டு, ரீடெய்னிங் காம்பவுண்ட் வெச்சு நிறுத்தலாம். நம்ம ஒர்க்‌ஷாப்ல லேத் இருக்கு, செய்யக் கை துறுதுறுங்கும். ஆனா ஓட்டையோட மையமும் மூவ்மென்ட்ல ஸ்டெம் வர்ற மையமும் ஒண்ணா இருக்கணும். 0.1 மில்லிமீட்டர் விலகினாலும் ஸ்டெம் உரசும், சாவி கொடுக்கும்போது இறுக்கமாயிடும், ஒருநாள் ஸ்டெம் உடையும். குழாய்க்கு இடம் கொடுக்கிற அளவுக்கு கேஸ் சுவர் தடிமனா இருக்கான்னும் பார்க்கணும். முக்கியமா, இது திரும்பப் பெற முடியாத வேலை. வாஷரையும் கண்ணாடியையும் நாளைக்குக் கழட்டிப் பழையபடி மாத்திக்கலாம், துளைச்ச உலோகத்தை ஒட்ட முடியாது. என் கருத்து: உங்க தாத்தா கட்டின அசல் கேஸைத் துளைக்காதீங்க. அதே மூவ்மென்ட்டுக்குப் பொருந்துற, குழாய் இருக்கிற பழைய கேஸ் ஒண்ணு தேடி வாங்கி, அதுல மூவ்மென்ட்டையும் டயலையும் ஏத்துங்க. அசல் கேஸ் பத்திரமா டப்பாவுல இருக்கட்டும்.

சாவி கொடுக்கிற வாட்ச்சுக்குன்னு இன்னொரு தலைவலி இருக்கு, இதை யாரும் சொல்றதில்ல. பேட்டரி வாட்ச்ல கிரவுனை வருஷத்துக்கு நாலு தடவை தொடுவோம். இதுல தினமும் 25 சுத்து. வருஷத்துக்கு 9000-க்கு மேல. அத்தனை தடவையும் அந்தக் குட்டி ரப்பர் வளையம் குழாய் மேல தேயுது. அதனால சிலிக்கான் கிரீஸ் அவசியம், துளிதான், விரல் நுனியில பளபளப்புத் தெரியுற அளவு. தேங்காய் எண்ணெய், வாசலின் எல்லாம் வேணாம், வெயில்ல இளகி உள்ள ஓடும்.

திருகி மூடுற கிரவுன் போட்டா என்னன்னு கேக்கலாம். ரோலெக்ஸ் 1926-ல ஆய்ஸ்டர் வாட்ச்ல அதைத்தான் செஞ்சாங்க. அடுத்த வருஷம் அக்டோபர்ல மெர்சிடிஸ் க்ளைட்ஸ்ங்கிற நீச்சல் வீராங்கனை அந்த வாட்ச்சைக் கழுத்துல மாட்டிக்கிட்டு இங்கிலீஷ் கால்வாயில இறங்கினாங்க. பத்து மணி நேரத்துக்கு மேல குளிர் தண்ணி. அந்த முறை அவங்களால கரை சேர முடியல, ஆனா வாட்ச் ஓடிக்கிட்டிருந்துச்சு. அதை வெச்சு ரோலெக்ஸ் செஞ்ச விளம்பரம் தனிக் கதை. ஆனா அதுவும் சாவி கொடுக்கிற வாட்ச்தான். தினமும் கிரவுனைத் திருகித் திறந்து, சாவி கொடுத்து, மறக்காம மூடணும். மூட மறந்தா எல்லாம் வீண். 1931-ல தானா சாவி ஏறுற ரோட்டர் அவங்ககிட்ட வந்த பிறகுதான் அந்தத் தொல்லை குறைஞ்சது. அதனால நம்ம ஜனதாவுக்கு அந்த ஆசை வேணாம்.

எங்க வெச்சு மூடுறீங்க?

நல்லா அடைச்ச வாட்ச்ல புதுசா ஒரு ஆபத்து முளைக்கும். முன்னாடி ஈரம் உள்ள போனா, அதே ஓட்டை வழியா மெதுவா வெளியவும் வந்துடும். இப்போ வராது. ஐப்பசி மழை நாள்ல, 30 டிகிரி, 85 சதவீத ஈரப்பதத்துல உட்கார்ந்து வாட்ச்சை மூடுறீங்கன்னா, உள்ள மாட்டின காத்தோட பனிநிலை சுமார் 27 டிகிரி. அடுத்த நாள் ஏசி ரூமுக்குள்ள போனதும் கண்ணாடிக்குள்ள பனி படியும். "இவ்வளவு செலவு பண்ணியும் தண்ணி போயிடுச்சே"ன்னு புலம்புவீங்க. தண்ணி போகல, நீங்களே உள்ள வெச்சு மூடினது அது. அதே வேலையை 24 டிகிரி, 50 சதவீதம் இருக்கிற ஏசி ரூம்ல செஞ்சா பனிநிலை 13 டிகிரிக்கு இறங்கிடும். மூடுறதுக்கு முந்தின நாள் ராத்திரி, கேஸையும் மூவ்மென்ட்டையும் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவுல வெச்சுட்டா இன்னும் நல்லது.

ஒரு எச்சரிக்கை. எச்எம்டிக்கு முந்தின காலத்து வெளிநாட்டு வாட்ச் கையில இருந்து, இருட்டுல ஒளிர்றதுக்காக முள்ளுலயும் எண்லயும் ஏதோ பூசியிருந்தா அதைத் திறக்காதீங்க. 1960-கள் வரைக்கும் ரேடியம் பூச்சு புழக்கத்துல இருந்துச்சு. இருட்டுல இப்போ ஒளிரலைன்னாலும் ரேடியம் அங்கேயேதான் இருக்கும். அந்தத் தூளை சுவாசிக்கிறது விளையாட்டு இல்ல.

காலி கேஸைச் சோதிங்க

மூவ்மென்ட்டை உள்ள வெச்சு சோதிக்கிறது, ஹெல்மெட் நல்லதான்னு பார்க்க வண்டியை மோதுறதுக்குச் சமம். கண்ணாடி, பின்மூடி, கிரவுன், வெட்டின ஸ்டெம் எல்லாத்தையும் மாட்டி, உள்ள மூவ்மென்ட்டுக்குப் பதிலா ஒரு துண்டு டிஷ்யூ பேப்பர் வெச்சு மூடுங்க. ஸ்டெம்மைப் பிடிக்க உள்ள ஒண்ணும் இல்லாததால கிரவுன் கழண்டு வராம ஒரு நூலால வெளிய கட்டிக்கணும்.

ரூம் சூட்டுல, 30 டிகிரின்னு வெச்சுக்குவோம், இருக்கிற கேஸை 50 டிகிரி வெந்நீருக்குள்ள இறக்குங்க. உள்ள இருக்கிற காத்து விரியும். கணக்குப்படி 0.067 பார், அதாவது 68 சென்டிமீட்டர் தண்ணி அழுத்தம், உள்ளேருந்து வெளிய. எங்க ஓட்டை இருக்கோ அங்கேருந்து வரிசையா குமிழி வரும். வெளிப்புறத்துல ஒட்டியிருந்த காத்தும் ஒண்ணு ரெண்டு குமிழி விடும், அதைப் பார்த்துப் பதறாதீங்க. ஒரே இடத்துல இருந்து தொடர்ந்து வர்றதுதான் கசிவு. இந்தச் சோதனை கொஞ்சம் கடுமையானதும் கூட. தண்ணி வெளியேருந்து அழுத்தினா பின்மூடி இன்னும் இறுகும், இங்க காத்து உள்ளேருந்து அதைத் தள்ளப் பார்க்குது. குமிழி நின்னதும் கேஸை வெந்நீர்லயே விட்டுட்டு அது ஆறட்டும். இப்போ எதிர்த் திசையில உறிஞ்சும், ஏசி லேப் கதை மாதிரியே. ஆறினதும் எடுத்து, வெளிய நல்லாத் துடைச்சு, திறந்து டிஷ்யூவைப் பாருங்க. நனையலைன்னா பாஸ்.

இதுக்கு அப்புறம் மூவ்மென்ட்டை ஏத்தி, பெரிய கடையில இருக்கிற காத்தழுத்த மிஷின்ல ஒரு தடவை கொடுத்துப் பாருங்க. அதுல தண்ணியே படாது, அழுத்தத்துல கேஸ் எவ்வளவு நசுங்குது, நசுங்கினது அப்படியே நிக்குதான்னு பார்த்து கசிவைச் சொல்லிடும்.

இணையத்துல கேசியோ எஃப்-91டபிள்யூவுக்குள்ள சிலிக்கான் எண்ணெய் ஊத்தி, எந்த ஆழத்துக்கும் போகலாம்னு காட்டுற வீடியோ பார்த்திருப்பீங்க. ஐடியா அருமை. திரவம் நசுங்காது, உள்ளேயும் வெளியேயும் அழுத்தம் சமமாயிடும். டிஜிட்டல் வாட்ச்ல அசையுற பாகம் இல்ல, அதனால தப்பிக்குது. ஜனதாவுல ஊத்தினா, நொடிக்கு அஞ்சு தடவை டிக் அடிக்கிற பேலன்ஸ் வீல் எண்ணெய்க்குள்ள அப்படியே நின்னுடும்.

வேலை முடிஞ்சு கட்ட ஆரம்பிச்ச பிறகு பார்த்துக்க வேண்டியது கொஞ்சம்தான். கையில ஈரம் இருக்கும்போது சாவி கொடுக்காதீங்க. வெந்நீர்க் குளியல், சோப்பு நுரை ரெண்டுக்கும் கழட்டிடுங்க. சானிடைசர் போட்டா அக்ரிலிக் மேல படாம போடுங்க, ஆல்கஹால் பட்டா நுண்ணிய விரிசல் விழும். கிரவுன் வளையத்தையும் பின்மூடி ஓ-ரிங்கையும் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்திடுங்க. மாத்தும்போது பழைய ரிங்கை உடனே குப்பையில போடாம, புதுசுக்குப் பக்கத்துல வெச்சு வெர்னியர்ல அளந்து பாருங்க. ரெண்டு வருஷத்துல அது எவ்வளவு நசுங்கிப் போயிருக்குன்னு கண்ணாலேயே தெரியும்.